கிறிஸ்தவ ஓட்டு: 19 மாசத்துல போன சட்டம், 75 வருஷமா போகாத பத்தி

அமெரிக்கத் தேர்தல் வந்தாலே டிவியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். "இவாஞ்சலிக்கல் வாக்காளர்கள்".

எங்க ஆஸ்பத்திரி ஃபார்மசி அண்ணன் போன தேர்தலப்போ கேட்டார். "சார், அது மாதிரி ஓட்டு நம்ம ஊர்ல இருக்கா? ஃபாதர் சொன்னா மொத்த சர்ச்சும் ஒரே பக்கம் குத்திருவாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?"

ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அப்போதிருந்து தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு உட்காருங்க மக்களே.

முதல்ல அமெரிக்கா.

இவாஞ்சலிக்கல் என்றால் நம்ம ஊர் பேச்சில் "இரட்சிக்கப்பட்டவங்க", "மறுபடியும் பிறந்தவங்க" என்று சொல்கிறோமே, கிட்டத்தட்ட அவங்கதான். பைபிளை அப்படியே நம்புவது, சுவிசேஷம் சொல்வதைக் கடமையாக எடுத்துக்கொள்வது, இதெல்லாம் அடையாளம்.

(நம்ம திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் பெயரிலும் அந்த 'இவாஞ்சலிக்கல்' உண்டு. ஆனால் அது பழைய ஜெர்மன் அர்த்தம். குழப்பிக்க வேண்டாம்.)

2016 எக்ஸிட் போல்படி வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் 10 பேரில் 8 பேர் டிரம்ப்புக்குப் போட்டார்கள். 2004ல் புஷ்ஷுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுதான். 2016ல் ஓட்டுப் போட்டவர்களில் நாலில் ஒருத்தர் இவங்க. எந்தக் கட்சிக்கும் ஆசை வரத்தானே செய்யும்.

இதில் "வெள்ளை" என்ற வார்த்தையைக் கவனிங்க. அது சும்மா ஒட்டியிருக்கிற வார்த்தை இல்லை. கறுப்பின புராட்டஸ்டன்ட் மக்களும் அதே பைபிள், அதே ஞானஸ்நானம், அதே ஞாயிறு ஆராதனை. ஆனால் அவர்களில் மிகப் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்குத்தான் போடுகிறார்கள். விசுவாசம் ஒன்று, ஓட்டு நேர் எதிர். ஆக அது வெறும் "மத ஓட்டு" இல்லை.

இவங்க எப்பவுமே இப்படி இருந்தவங்களும் இல்லை. 1965ல் ஜெர்ரி ஃபால்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர், ஊர்வலம் போவதும் அரசியல் பேசுவதும் போதகர் வேலை இல்லை என்று பிரசங்கம் செய்தார். மார்ட்டின் லூதர் கிங் தெருவில் நடந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஃபால்வெல்தான் 1979ல் 'மாரல் மெஜாரிட்டி' என்ற அரசியல் அமைப்பையே தொடங்கினார்.

நடுவில் என்ன ஆச்சு? எல்லாரும் சொல்வது கருக்கலைப்பு. 1973ல் ரோ வழக்குத் தீர்ப்பு வந்தது, விசுவாசிகள் கொதித்தார்கள் என்று. டாக்டராக எனக்கு இந்த இடம்தான் ஆச்சரியம். 1971ல், நம்ம நாட்டில் கருக்கலைப்புச் சட்டம் வந்த அதே வருஷம், அமெரிக்காவின் சதர்ன் பாப்டிஸ்ட் மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. பலாத்காரம், கருவுக்குக் கடுமையான குறைபாடு, தாயின் உடல் மன நலத்துக்கு ஆபத்து போன்ற நிலைகளில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டத்துக்காக உழைக்கலாம் என்று! அப்போது கருக்கலைப்பை முன்னால் நின்று எதிர்த்தவர்கள் கத்தோலிக்கர்கள்.

ராண்டல் பால்மர் போன்ற வரலாற்றாசிரியர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள். பள்ளிக்கூடம். கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்க்காத தனியார் பள்ளிகளுக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971ல் கோர்ட் சொன்னது. 1976ல் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தின் வரிவிலக்கு போனது. 1978ல் வருமான வரித்துறை மற்ற கிறிஸ்தவப் பள்ளிகள் பக்கமும் திரும்பியது. அப்போதுதான் போதகர்கள் ஒன்று சேர்ந்தார்கள், கருக்கலைப்பு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது என்கிறார் பால்மர். எல்லா அறிஞர்களும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் கால வரிசையைப் பார்த்தால் எனக்கு அவர் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. ஒரு சமூகத்தைக் கிளப்பிவிடுவது வசனத்தைவிட நிறுவனம்தான். நிறுவனத்தின் மேல் கை வைத்தால் எல்லாரும் எழுந்திருப்பார்கள். இதை ஞாபகத்தில் வச்சுக்கங்க, நம்ம கதைக்கு வேணும்.

1980ல் அவர்கள் ரீகன் பக்கம் போனார்கள். எதிரே நின்ற ஜிம்மி கார்ட்டர் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிற பாப்டிஸ்ட்! சொந்த ஆளையே விட்டுவிட்டுப் போனார்கள். 2022 ஜூன் 24ல் ரோ தீர்ப்பை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1979லிருந்து கணக்குப் போட்டால் 43 வருஷக் காத்திருப்பு.

இப்போ நம்ம ஊர்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், சுமார் 44 லட்சம் பேர். ஆனால் ஒரே சபை இல்லை. ஆர்.சி., சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே. அதுக்குள்ள நாடார், வெள்ளாளர், உடையார், மீனவர், பறையர், பள்ளர், அருந்ததியர். இதில் "கிறிஸ்தவ ஓட்டு" எங்கே இருக்கிறது?

ஒரு காலத்தில் சட்டப்படியே இருந்தது. இது நிறைய பேருக்குத் தெரியாது.

1919 சட்டத்தின் கீழ் சென்னை மாகாண சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 5 இடம் ஒதுக்கினார்கள். 1935 சட்டத்தில் 215 பேர் கொண்ட சபையில் 8 இடம், அது போக பெண்களுக்கான இடங்களில் ஒன்று. வெறும் ஒதுக்கீடு இல்லை, தனி வாக்காளர் தொகுதி. அதாவது அந்த இடங்களுக்குக் கிறிஸ்தவர்தான் நிற்க முடியும், கிறிஸ்தவர்தான் ஓட்டுப் போட முடியும்.

இது வேணுமா வேணாமா என்று கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சண்டை. சேலத்தில் பிறந்த கே.டி. பால் வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர். தனித் தொகுதி வேண்டாம், நாட்டோடு கலந்தே நிற்போம் என்பது அவர் கட்சி. தஞ்சைப் பக்கத்து நீதிக்கட்சித் தலைவர் ஏ.டி. பன்னீர்செல்வம் வேணும் என்றார். 1931 நவம்பரில் சிறுபான்மையினர் ஒப்பந்தம் கையெழுத்தானபோது அம்பேத்கர், ஆகா கான் கையெழுத்துகளோடு பன்னீர்செல்வத்தின் கையெழுத்தும் இருந்தது.

இங்கேதான் ஒரு சின்ன பத்தி உள்ளே வருகிறது. 1936ல் பிரிட்டிஷ் அரசு பட்டியல் சாதிகளின் முதல் ஆணையை வெளியிட்டபோது, இந்தியக் கிறிஸ்தவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று எழுதியது. அன்றைக்கு அதில் ஒரு கணக்கு இருந்தது. கிறிஸ்தவருக்குத் தனி இடம் இருக்கு, பட்டியல் சாதிக்குத் தனி இடம் இருக்கு, ஒரே ஆள் ரெண்டு வரிசையிலும் நிற்க முடியாதுல்ல?

அப்புறம் சுதந்திரம். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை மதவாரி இட ஒதுக்கீட்டைக் கைவிட்டது. சிறுபான்மையினர் துணைக்குழுவின் தலைவர் ஹரேந்திர குமார் முகர்ஜி ஒரு வங்காளக் கிறிஸ்தவர். சென்னை மாகாணத்திலிருந்து போயிருந்த ஜெரோம் டிசோசா ஒரு ஏசு சபைப் பாதிரியார். இவர்களே முன்னின்று எங்களுக்குத் தனி இடம் வேண்டாம் என்றார்கள். பெருந்தன்மையான முடிவு, நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் 1950 ஆகஸ்ட் 10ல் புதிய குடியரசின் பட்டியல் சாதிகள் ஆணை வந்தது. அதன் மூன்றாவது பத்தி: இந்து மதம் அல்லாத வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதி ஆக மாட்டார். 1936ல் அந்த விதிக்குக் காரணமாக இருந்த தனி இடங்கள் போயே போச்சு. விதி மட்டும் தங்கிவிட்டது. சபையில் மேலே இருந்தவர்கள் 1949ல் விட்டுக்கொடுத்தார்கள். விலையை 1950லிருந்து கட்டுகிறவர்கள் தலித் கிறிஸ்தவர்கள்.

1956ல் சீக்கியர்களுக்கு அந்தக் கதவைத் திறந்தார்கள். 1990ல் பௌத்தர்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை திறக்கவில்லை.

சரி, ஓட்டு விஷயத்துக்கு வருவோம்.

தனித் தொகுதி போன பிறகு கிறிஸ்தவர்கள் மற்ற தமிழர்களைப் போலத்தான் ஓட்டுப் போட்டார்கள். கட்சி, கூட்டணி, சாதி, வேட்பாளர். எங்க திருச்சியையே பாருங்க. செயின்ட் ஜோசப், ஹோலி கிராஸ், பிஷப் ஹீபர் என்று தெருவுக்குத் தெரு மிஷன் காலேஜ் உள்ள ஊர். 1998லயும் 1999லயும் பா.ஜ.க.வின் ரங்கராஜன் குமாரமங்கலம் இங்கே ஜெயித்தார். முதல் தடவை அ.தி.மு.க. கூட்டணி, அடுத்த தடவை தி.மு.க. கூட்டணி!

இன்னும் பெரிய உதாரணம் கன்னியாகுமரி. மாவட்ட மக்கள்தொகையில் கிட்டத்தட்ட பாதி கிறிஸ்தவர்கள். 2014ல் ஜெயித்தது பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணன். எதிரே காங்கிரஸ், அ.தி.மு.க., தி.மு.க., மார்க்சிஸ்ட் எல்லாம் தனித்தனியாக நின்று ஓட்டு பிரிந்தது. ஃபாதர் ஒரு வார்த்தை சொன்னா ஒரே பக்கம் விழும் என்பது உண்மையானால் இது நடந்திருக்கவே முடியாது. 2019ல் எதிர்க்கட்சிகள் சேர்ந்து நின்றன, முடிவு தலைகீழாச்சு.

அப்போ கிறிஸ்தவ ஓட்டு என்று ஒன்று இல்லவே இல்லையா? ஒரு தடவை இருந்தது.

2002 அக்டோபர் 5. முதல்வர் ஜெயலலிதாவின் அரசு கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் கொண்டு வந்தது. மாத இறுதியில் சட்டசபையில் நிறைவேறியது. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் 3 வருஷம் வரை ஜெயில், 50,000 ரூபாய் வரை அபராதம். மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ மைனராகவோ பட்டியல் சாதி, பழங்குடியாகவோ இருந்தால் 4 வருஷம், 1 லட்சம். மதமாற்றச் சடங்கை நடத்துகிறவர் கலெக்டருக்குத் தகவல் கொடுக்க வேண்டும்.

ஒரு நிமிஷம் யோசிங்க. 'ஆசை காட்டுவது' என்றால் என்ன? இலவச சிகிச்சை ஆசை காட்டுவதா? ஸ்கூல் சீட்? ஹாஸ்டல் சாப்பாடு? மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் ஸ்கூல் நடத்துகிற எல்லாருக்கும் வயிற்றில் புளி கரைத்தது. 1970களில் அமெரிக்கப் போதகர்களை எழுப்பிய அதே இடம், நிறுவனம். (நியாயமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே நிறவெறியைக் காப்பாற்ற எழுந்தார்கள், இங்கே அரசியல் சட்டம் கொடுத்த உரிமைக்காக. நரம்பு மட்டும் ஒன்று.)

ஆர்.சி., சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று ஒருவர் மேடையில் ஒருவர் ஏறாதவர்கள் எல்லாம் ஒன்றாக நின்றார்கள். முஸ்லிம் அமைப்புகளும் சேர்ந்தன. அந்த மாதமே சிறுபான்மைப் பள்ளி, கல்லூரிகள் ஒரு நாள் மூடி எதிர்ப்பு காட்டின. நான் அப்போ ஒரு மிஷன் ஸ்கூல் மாணவன். எதுக்கு லீவு என்று தெரியாமல் கிரிக்கெட் ஆடிய கூட்டத்தில் ஒருத்தன்.

2004 மே 13, மக்களவைத் தேர்தல் முடிவு. அ.தி.மு.க., பா.ஜ.க. கூட்டணிக்குத் தமிழ்நாட்டின் 39 தொகுதியில் பூஜ்ஜியம். அஞ்சே நாள். மே 18ல் ஜெயலலிதா வரிசையாகப் பல முடிவுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மதமாற்றத் தடைச் சட்டம் அதில் ஒன்று.

இங்கே கொஞ்சம் நிதானம் வேணும். அந்தத் தோல்விக்குக் கிறிஸ்தவர்கள் மட்டும் காரணம் இல்லை. 2003ல் ஸ்ட்ரைக் செய்த லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் ஒரே அடியில் டிஸ்மிஸ் ஆனார்கள். விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கை வைத்தார்கள். எதிரே ஒரு பெரிய கூட்டணி. 6 சதவீதத்தால் தனியாக 39 தொகுதியைக் கவிழ்க்க முடியாது. ஆனால் தோற்றவர் எதைத் திரும்பப் பெறுகிறார் என்று பார்த்தால், யார் கோபம் சுட்டது என்று அவரே நினைத்தார் என்பது தெரியும்.

அவசரச் சட்டத்திலிருந்து அந்த அறிவிப்பு வரை 19 மாசம். அமெரிக்காவில் 43 வருஷம் ஆனது.

இப்போ மூன்றாவது பத்திக்குத் திரும்புவோம்.

மெட்ராஸ் செருப்புத் தைக்கும் தொழிலாளி சூசையின் வழக்கு 1985ல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தெருவோரம் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு அரசு இலவசமாகப் பங்க் கடை கொடுத்தது. சூசைக்கு இல்லை, அவர் கிறிஸ்தவர். அதே தெரு, அதே ஊசி, அதே தோல். மதம் மாறிய பிறகும் அதே அளவு கொடுமை தொடர்கிறது என்று போதுமான ஆதாரம் காட்டவில்லை என்று கோர்ட் தள்ளுபடி செய்தது. ஆதாரமா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களையும் மற்றவர்களையும் பிரித்து நிற்கும் சுவரைப் பற்றிப் பத்திரிகைகள் எத்தனையோ தடவை எழுதிவிட்டன. செத்த பிறகும் சாதி தொடர்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேணும்?

என் வேலையில் இதைப் பார்க்காத வாரம் இல்லை. பிரசவ வார்டில் ஆதாரில், தாய்சேய் நல அட்டையில் ஒரு பெயர் இருக்கும். வெளியே நிற்கிற மாமியார் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு பெயர் தாலுகா ஆபீசுக்கு, இன்னொன்று சாமிக்கு. நான் கேட்பதில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பி.சி. பட்டியலில் வருகிறார்கள். மெடிக்கல் கவுன்சிலிங்கில் எஸ்.சி. கட் ஆஃப்புக்கும் பி.சி. கட் ஆஃப்புக்கும் உள்ள வித்தியாசம் ஒரு எம்.பி.பி.எஸ். சீட். என் பேட்ச்மேட் ஒருத்தன், அவன் பெரியப்பா பையன், ரெண்டு பேரும் ஒரே காலனி. இவன் குடும்பத்தில் ஞானஸ்நானம் எடுக்கவில்லை, அவன் குடும்பத்தில் எடுத்தார்கள். மார்க் அவனுக்குத்தான் கூட. டாக்டர் ஆனது இவன்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், ஞானஸ்நானம் பெற்று கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு வேலைக்காக மட்டும் இந்து பட்டியல் சாதி என்று கேட்பது அரசியல் சட்டத்தை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ரெண்டு பெயர் வைத்திருக்கிற ஒவ்வொரு வீட்டுக்கும் அந்தத் தீர்ப்பு கேட்டிருக்கும்.

துறையூருக்கு வாங்க. எங்க சட்டமன்றத் தொகுதி எஸ்.சி. தனித் தொகுதி. இங்கே ஒரு தலித் கிறிஸ்தவர் ஓட்டுப் போடலாம், நிற்க முடியாது. ஆனால் கொஞ்சம் தள்ளி பச்சைமலை. அந்தப் பக்கத்து உப்பிலியபுரம் 2008 மறுவரையறைக்கு முன் எஸ்.டி. தனித் தொகுதி. பழங்குடி ஆணையில் மத நிபந்தனையே கிடையாது. மலையில் இருக்கிற பழங்குடிக்காரர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பழங்குடிதான். அடிவாரத்தில் இருக்கிற தலித் கும்பிடுகிற சாமியைப் பொறுத்து அவர் சாதி மாறுகிறது. ரெண்டு ஆணையும் 1950ல் வந்தவைதான்.

2002 சட்டத்தை 19 மாசத்தில் இறக்கிய ஓட்டு, இதில் ஏன் வேலை செய்யவில்லை?

ஒரு காரணம் லேசானது: இது டெல்லி கையில் இருக்கு. இங்கே தி.மு.க.வும் அ.தி.மு.க.வும் கோரிக்கையை ஆதரித்தவைதான். 2023 ஏப்ரல் 19ல் சட்டசபைத் தீர்மானமே போட்டாச்சு. யாரைத் தோற்கடிப்பது?

ரெண்டாவது, அமெரிக்காவின் அந்த "வெள்ளை" மாதிரி, இங்கே சாதி குறுக்கே நிற்கிறது. 2002 சட்டம் பிஷப் முதல் உபதேசியார் வரை எல்லாரையும் தொட்டது. மூன்றாவது பத்தி தலித்தை மட்டும்தான் தொடுகிறது. சபைகள் ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரிக்கின்றன, கறுப்புக் கொடி ஏற்றுகிறார்கள். அந்த மனுவில் கையெழுத்துப் போடுகிற மற்ற சாதிக் கிறிஸ்தவருக்கு அதனால் இழப்பும் இல்லை, அவசரமும் இல்லை.

மூன்றாவது காரணத்தை மேடையில் யாரும் பேசுவதில்லை. இந்து பட்டியல் சாதியினரில் பலருக்கு, இருக்கிற பங்கில் இன்னும் சிலர் வந்து உட்கார்ந்தால் நமக்கு என்ன மிஞ்சும் என்ற பயம். மிஷன் ஸ்கூல் படிப்பு இருக்கிறவர்கள் முந்திக்கொள்வார்கள் என்ற பயம். அதை மதவெறி என்று தள்ளிவிட முடியாது. ஒதுக்கீட்டின் அளவைக் கூட்டாமல் ஆட்களை மட்டும் சேர்ப்பது அவர்களுக்கு அநியாயம்தான். 2007ல் அறிக்கை கொடுத்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. அதுக்கப்புறம் 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம்.

"கிறிஸ்தவர் என்று தனியாகவே ஒதுக்கீடு கேட்கலாமே" என்பவர்களுக்கு: அதுவும் நடந்தது. 2007ல் தமிழக அரசு பி.சி. பங்கிலிருந்து முஸ்லிம்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் தலா 3.5 சதவீதம் பிரித்துக் கொடுத்தது. அடுத்த வருஷமே கிறிஸ்தவர்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். பொதுப் பி.சி. வரிசையில் கிடைத்ததைவிடக் குறைவாகத்தான் வந்தது. முஸ்லிம்களுக்கு அது தொடர்கிறது.

கமெண்டில் அடுத்த கேள்வி கண்டிப்பா வரும். "அவ்வளவு கஷ்டம்னா இந்துவாத் திரும்ப வேண்டியதுதானே?"

திரும்பினவர் கதையும் இருக்கு. கோலார் தங்கவயல் ராஜகோபால். 1949ல் கிறிஸ்தவரானார், பிறகு இந்துவாகத் திரும்பினார். 1967ல் அங்கே தனித் தொகுதியில் ஜெயித்தார். உச்ச நீதிமன்றம் 1968ல், நீங்க இந்துவானது சரி, ஆனா பழைய சாதி உங்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டதுக்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. பதவி போச்சு. மனுஷன் 1972ல் மறுபடி நின்று மறுபடி ஜெயித்தார். மறுபடி வழக்கு. 1975 டிசம்பரில் அதே உச்ச நீதிமன்றம், இப்போ சாதி ஏற்றுக்கொண்டுவிட்டது, செல்லும் என்றது.

பழைய கதை என்று நினைக்காதீங்க. கேரளா தேவிகுளம் தனித் தொகுதியில் 2021ல் ஜெயித்து, சட்டசபையில் தமிழில் பதவியேற்ற ஏ. ராஜாவின் வெற்றியை, அவர் கிறிஸ்தவர் என்று சொல்லி 2023 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2025 மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வெற்றி செல்லும் என்றது. அஞ்சு வருஷப் பதவியில் நாலு வருஷம் அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்ற கேள்வியிலேயே போனது.

நைட் ட்யூட்டிக்கு நேரமாச்சு. கமெண்டுக்குப் பதில் நாளைக்கு ஓ.பி. முடிஞ்சதும் போடுறேன்.